புதன்கிழமை நகங்கள்

உப்பளம் காலனியில் சிலைகளுக்கு நகம் வளரத் தொடங்கிய காலத்தில் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வந்துகொண்டிருந்தது, சாளை மீன் மலிவாகக் கிடைத்தது, மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வாங்க வேண்டியது யார் என்ற சண்டை தீர்ந்தபாடில்லை. அதனால் நகத்தை மட்டும் யாரும் தனியாக எடுத்துவைத்து ஆச்சரியப்படவில்லை, இருக்கிற சங்கடங்களோடு அதையும் ஒரு சங்கடமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையின் ஓரம், காற்றடித்தால் துணிக்கொடியில் உப்புப் படிகிற இடம் அது. மூன்றாவது மாடியில் இருந்த ஜெசிந்தா அடுப்பு மேடையின் ஒரு பாதியில் சமைத்தாள், மறுபாதியில் உடைந்த சிலைகளை ஒட்டினாள். காலனியில் ரெசின் சிலை இல்லாத வீடு கிடையாது. கல்யாணத்துக்கு வந்த ராதாகிருஷ்ணர், பால் காய்ச்சியபோது வந்த சிரிக்கும் புத்தர், வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்கள் மடியில் வைத்துக் கொண்டுவந்த மாதா, டி.வி. மேல் பாய்கிற குதிரை என்று எல்லாம் பார்க்கப் பளபளவென்று கல்லுபோல இருக்கும், கீழே விழுந்தால் உள்ளே சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாகத் தூள் கொட்டும். ஒட்டடை அடிக்கிற கம்பு பட்டு விழும், பந்து வந்து விழும், பூனை தள்ளி விழும், புருஷன்மார் கோபத்தில் வேறெதையோ எடுக்கப்போய் இதுவும் விழும்.

விழுந்தால் சாமிக்கு முதலில் போவது விரல். பின்னமான சாமியை வீட்டில் வைத்துக் கும்பிடக்கூடாது, அரசமரத்தடியில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது ஒரு பக்கத்து வழக்கம். உடைந்த சுரூபத்தைச் சாமியார் மந்திரிக்க மாட்டார் என்பது இன்னொரு பக்கத்து வழக்கம். இரண்டு பக்கத்துப் பெண்களும் மாமியார் பார்ப்பதற்குள் சிலையை வயர்கூடையில் வைத்து மேலே முருங்கைக்கீரையைப் போட்டு மூடிக்கொண்டு ஜெசிந்தாவின் மாடிப்படியில் ஏறினார்கள். அவள் கடையில் புட்டி என்று கேட்டால் தருகிற, கறுப்பும் வெள்ளையுமான இரண்டு பசைக்களிகளை ஒன்றாகச் சேர்த்து, சப்பாத்தி மாவு பிசைவதுபோலப் பிசைந்து, உள்ளே செம்புக் கம்பி நட்டு, அரிசியளவு விரலை உருட்டி வைப்பாள். அது இறுகுவதற்குள் நுனியில் தன் கட்டைவிரல் நகத்தால் லேசாக ஓர் அழுத்து அழுத்துவாள், நகம் வந்துவிடும். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வர்ணம் பூசிக் கொடுத்தால், உடைத்தவர்களுக்கே எந்த விரல் உடைந்தது என்று மறந்துபோகும்.

முதலில் வந்து சண்டை போட்டது இரண்டாம் மாடி செண்பகவல்லி. அவள் வீட்டுப் பிள்ளையாரின் ஆசீர்வாதக் கையில் விரல்களை ஜெசிந்தா ஒட்டிக் கொடுத்திருந்தாள்.

"ஏ ஜெசிந்தா, என்ன வேலை பாத்துருக்க? பிசிறு பிசிறா நிக்கி பாரு. கும்பிடப் போனா பிராண்ட வாராப்ல இருக்கு."

ஜெசிந்தா வாங்கிப் பார்த்தாள். பிசிறு இல்லை. விரலின் நுனியைத் தாண்டி வெள்ளை விளிம்போடு நகம் வளர்ந்திருந்தது.

"பிசிறு இல்ல மதினி. வளர்ந்திருக்கு."

"வளர்ந்தா வெட்டிவிடு. இதுக்கா என்னை மாடியேற வச்ச? முட்டு வலி தெரியுமா ஒனக்கு?"

வெட்டிக் கொடுத்தாள். மறுவாரம் மறுபடி வளர்ந்தது. அப்புறம் அடுத்த பிளாக்கின் மாதாவுக்கு வளர்ந்தது, ராதைக்கு வளர்ந்தது, கிருஷ்ணருக்கு வளராததைக் கேட்டபோது அவர் கை உடைந்ததே இல்லை என்று தெரிந்தது. ஜெசிந்தா கைபட்டு ஒட்டிய விரல்களுக்கெல்லாம் வளர்ந்தது, படாத விரல்கள் பழையபடி ரெசினாகவே இருந்தன. சிரிக்கும் புத்தருக்கு ஒரே ஒரு சுண்டுவிரல் நகம் மட்டும் பஸ் கண்டக்டருக்கு இருப்பதுபோல நீண்டது.

ஏன் வளர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கிழமை வெட்டுவது என்பதில்தான் பிரச்சினை வந்தது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் யாருமே நகம் வெட்டமாட்டார்கள், சாமி எப்படி வெட்டிக்கொள்ளும்? சனிக்கிழமை பெருமாளுக்கு ஆகாது. ஞாயிறு பூசைக்குப் போகிற நாள். திங்கட்கிழமை தண்ணீர் வரும், யாருக்கும் கை ஒழியாது. வியாழக்கிழமையைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லாவிட்டாலும், "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாவ?" என்று செண்பகவல்லி ஒரு போடு போட்டதில் புதன்கிழமை நிலைத்துவிட்டது.

அதன்பிறகு புதன்கிழமை காலையில், ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தூங்கப் போகிற நேரத்தில், பெண்கள் ஆளுக்கொரு சாமியை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். பூட்டுச் சண்டை அத்தோடு முடிந்தது, கதவைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். சலூன்காரர் முத்துமாலை கீழே இருந்து தன் கத்திரிகளில் சின்னதை எடுத்துக்கொண்டு வந்து, "மனுசனுக்கு வெட்டினா ஆடுவான், பேசுவான், போன் பாப்பான். இவியகிட்ட அந்தத் தொந்தரவு இல்ல" என்று சந்தோஷமாக வெட்டினார். வெட்டிய துணுக்குகளைக் காலில் மிதிபடவிடக் கூடாது என்பதால் பிஸ்கட் டப்பாவில் சேர்த்துக் கடலில் போட்டார்கள். எது பிள்ளையார் நகம், எது மாதா நகம் என்று டப்பாவுக்குள் பிரிக்கமுடியவில்லை, பிரிக்க வேண்டும் என்று சொன்ன ஒன்றிரண்டு பேரையும் முத்துமாலை, "நீங்க பிரிச்சுத் தாங்க, நான் தனித்தனியா போடுதேன்" என்று சொல்லி வாயடைத்தார். கல்லூரிக்குப் போகிற பெண்கள் ராதைக்கு மருதோன்றி நிறத்தில் நகப்பாலிஷ் போட்டார்கள். பங்குச்சாமியாரிடம் ஆள் போய்க் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வளருதத வெட்டுததுல பாவம் ஒண்ணும் இல்ல" என்றார். அடுத்த புதன்கிழமை கோயிலை ஒட்டித் தான் தங்கியிருந்த அறைவீட்டில் கிடந்த விரலொடிந்த அந்தோனியார் சுரூபத்தைத் துண்டில் சுற்றி அவரே அனுப்பியும் வைத்தார்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெலிக்ஸுக்கு நகம் வளர்ந்தது.

பெலிக்ஸ் மீன்பிடிக்கப் போனவன். அவன் போன விசைப்படகு, அந்தப் போட்டு, திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கூடப் போனவர்கள் ராத்திரி எல்லோரும் படுத்தபோது இருந்தான், விடியும்போது இல்லை என்றார்கள். தேடினார்கள், ஹெலிகாப்டர் வந்தது, கொழும்புப் பக்கம்கூடச் சொல்லி விசாரித்தார்கள். உடல் கிடைக்கவில்லை. அவன் மனைவி ரெக்ஸ்லின் முதல் பிளாக்கில் கீழ்வீட்டில் இருந்தாள். தாலியைக் கழற்றவில்லை, அழவும் இல்லை. யாராவது துக்கம் விசாரிக்க வந்தால், "அவிய இன்னும் வரல, வந்தா சொல்லுதேன்" என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

பெலிக்ஸின் அப்பா சூசையடிமைதான் சிலைக்குச் சொன்னவர். போனில் இருந்த போட்டோவைக் கொடுத்து நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பட்டறையில் செய்யச்சொல்லியிருந்தார். இடுப்புவரை பெலிக்ஸ், ஒரு கையைத் தூக்கி விடைபெறுகிற மாதிரி, குழந்தையளவு உயரம். கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழி எடுத்து, அவன் சட்டை ஒன்றை உள்ளே வைத்து மூடி, மேலே சிலையை நிறுத்தி, சாமியாரை மந்திரிக்கச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"அவன் அம்மா தெனமும் அவனுக்குச் சோறு எடுத்து வைக்கா. நான் என்ன செய்ய? எங்களுக்கு அழுவுததுக்கு ஒரு இடம் வேணும்மா" என்று அவர் மருமகளிடம் சொன்னார்.

"அதுக்கு அவிய சாவணுமா மாமா?" என்றாள் ரெக்ஸ்லின்.

ஆட்டோவில் வரும்போதே சிலையின் தூக்கிய கை மணிக்கட்டோடு ஒடிந்து நொறுங்கிப்போயிற்று. உடைந்ததை மந்திரிக்க முடியாது. சிலை ஜெசிந்தா வீட்டுக்கு வந்தது, அவள் கையைப் புதிதாகவே செய்தாள், ஐந்து விரலும் வைத்தாள், கொடுத்தாள். ரெக்ஸ்லின் வீட்டில் ஒருநாள் இருந்துவிட்டுக் கல்லறைக்குப் போகட்டும் என்றார்கள். அந்த ஒருநாளில் காது உடைந்தது. காதை ஒட்டிக் கொடுத்தால் மூக்கு உடைந்தது. மூக்கை ஒட்ட எடுத்தபோது உடைந்த இடத்தில் மல்லி அரைத்த வாசனை அடித்தது. ஜெசிந்தா சிலையின் மூக்கை முகர்ந்து பார்த்தாள், வாசலில் நின்ற ரெக்ஸ்லினைப் பார்த்தாள்.

"அம்மி வச்சிருக்கியா வீட்ல?"

"இருக்குக்கா."

"குழவி பெருசோ?"

"சின்னதுதான்."

அதற்குமேல் ஜெசிந்தா கேட்கவில்லை. மூக்கை ஒட்டுவதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள், புட்டி சரியில்லை என்றாள், வெயில் போதவில்லை என்றாள். அந்த வெயிலில் உப்பளத்தில் உப்பே பொரிந்துகொண்டிருந்தது. சிலை முழுசாகிற நாள்தான் ரெக்ஸ்லின் விதவையாகிற நாள் என்பது காலனிக்கே தெரிந்திருந்தது, சூசையடிமைக்கும் தெரிந்திருந்தது. அவர்தான் கடைசியில், "இனி இது இங்கயே இருக்கட்டும்மா. அந்த வீட்டுக்குப் போனா உருப்படியா திரும்பி வராது" என்று ஜெசிந்தாவிடம் கும்பிட்டுக் கேட்டுவிட்டுப் போனார்.

மூக்கு காய்ந்துகொண்டிருந்தபோது கையில் நகம் வந்தது.

ரெக்ஸ்லின் அதைப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். அன்று புதன்கிழமை, எல்லோரும் இருந்தார்கள்.

"அவியளுக்கு நகம் வளருது. அவிய சாவல."

செண்பகவல்லி பிள்ளையாரை மடியில் மாற்றி வைத்துக்கொண்டு, "ஏட்டீ, எல்லாத்துக்கும்தான் வளருது. இந்தா, எம் பிள்ளையாருக்கும்தான்" என்றாள், நல்ல மனசோடுதான்.

"ஒங்க பிள்ளையாரு செத்தா போனாரு?" என்று கேட்டாள் ரெக்ஸ்லின். "மாதா செத்தா போச்சு? அந்தோனியாரு? செத்துப்போனவக யாருக்காவது இங்க நகம் வளந்துருக்கா, சொல்லுங்க."

முத்துமாலை கத்திரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இதைப் பங்குச்சாமியாரிடம் கொண்டுபோனபோது அவர், நகம் வளர்கிற ஒருத்தனைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கத் தனக்கு மனசு வரவில்லை என்றும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். சூசையடிமை படியிறங்கிப் போனார். அவர் மனைவி அன்றைக்கும் சோறு எடுத்து வைத்தாள்.

முத்துமாலை பெலிக்ஸுக்கும் வெட்டிவிடக் கத்திரியை எடுத்தபோதுதான் ரெக்ஸ்லின் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. அவிய நகத்தை வெட்டமாட்டாவ. கடிப்பாவ. கலியாணப் பந்தல்லயே கடிச்சிக்கிட்டிருந்த ஆளு. விட்டுருங்க, அவியளே கடிச்சிக்கிடுவாவ."

அப்படியாகக் காலனி பெலிக்ஸ் நகம் கடிப்பதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், வேலைக்குப் போகிறவரும் வேலை முடிந்து வருகிறவரும் எதிர்ப்படுகிற படிக்கட்டில், சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, "கடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டார்கள். "இன்னும் இல்ல" என்று பதில் சொல்லிக்கொண்டார்கள். மெழுகுதிரி ஏற்றினவர்கள் உண்டு, தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. ரெக்ஸ்லின் தினமும் சாயங்காலம் வந்து ஜெசிந்தாவின் அடுப்பு மேடைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாளை என்ன விலை விற்கிறது, எவன் போட்டு எஞ்சின் கெட்டுப்போனது என்றெல்லாம் சிலையிடம் சொல்லிவிட்டு, விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். நகம் வளர்ந்து, நீண்டு, நுனியில் வளையத் தொடங்கியது. விடைபெறத் தூக்கிய கை, கொஞ்சம் கொஞ்சமாக எதையோ பிடிக்கப்போகிற கையைப்போல மாறியது. ரெக்ஸ்லின் மெலிந்தாள். அவள் போடுகிற காப்பியில் சீனி மறந்துபோயிற்று.

ஜெசிந்தாவுக்கு மட்டும் ஒன்று தெரியும். அவள் கட்டைவிரல் நகத்தின் நடுவில், எப்போதோ கதவில் நசுங்கியதால், ஒரு கோடு மேலிருந்து கீழாக ஓடும். வெட்டிய நகங்களைக் கொட்டுகிற டப்பாவுக்குள் ஒருநாள் உற்றுப் பார்த்தபோது துணுக்குத் துணுக்காக எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது. பிள்ளையார் நகத்திலும் இருந்தது, அந்தோனியார் நகத்திலும் இருந்தது. பெலிக்ஸின் ஐந்து விரல்களிலும் அதே கோடு வளைந்து வளைந்து போயிற்று. தன் நகம்தான் இத்தனை கைகளிலும் ஏறி வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வார்த்தையில் ரெக்ஸ்லினின் புருஷன் செத்துப்போவான். சொல்லாவிட்டால் அவள் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து தீர்ந்துபோவாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய், காலனி முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த நேரத்தில், ஜெசிந்தா சிலையின் முன்னால் வந்து நின்றாள். முதலில் உப்புத்தாளைத்தான் எடுத்தாள். உப்புத்தாளில் தேய்த்தால் நேராக வரும், கடித்த மாதிரி இருக்காது. கத்திரியில் வெட்டினாலும் அப்படித்தான். அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் போட்டாள், மாதாவே மன்னிச்சிரு என்று சிலுவை போட்டுக்கொண்டாள், குனிந்து பெலிக்ஸின் சுண்டுவிரலை வாயில் வைத்துக் கடித்தாள். நகம் நகத்தைப்போலவே இருந்தது, வர்ணம் கசந்தது. ஒவ்வொரு விரலாகக் கடித்துத் துப்பினாள். பெலிக்ஸ் எப்படிக் கடிப்பான் என்று தெரியாததால் கொஞ்சம் அவசரமாகவும் கொஞ்சம் சீராகவும் மாற்றி மாற்றிக் கடித்தாள். ஒன்றையும் விடவில்லை. துப்பியதைக் கூட்டி அள்ளினாள், வாய் கொப்பளித்தாள், காத்திருந்தாள்.

சாயங்காலம் வந்த ரெக்ஸ்லின் ஸ்டூலில் உட்காரப் போனவள் உட்காராமல் அப்படியே நின்றாள். கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.

"கடிச்சிருக்காவ."

"ஆமா ரெக்ஸ்லினு. மத்தியானம் நான் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா..."

"கட்டைவிரலையும் கடிச்சிருக்காவ."

"ஆமா. பாத்தியா!"

"அவிய கட்டைவிரலை மட்டும் தொடமாட்டாவக்கா. வலையில சிக்கெடுக்க அந்த நகம் வேணும். கலியாணத்தப்போகூட நாலு விரலைத்தான் கடிச்சாவ."

ஜெசிந்தா மேடையில் கிடந்த உப்புத்தாளை எடுத்து மடித்தாள்.

"அக்கா, பல்லைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்களேன்."

ஜெசிந்தா காட்டினாள். முன்பல் இடுக்கெல்லாம் பெலிக்ஸின் தோல் நிறம் ஒட்டியிருந்தது. அவளேதான் கலந்த நிறம், ஆனால் தண்ணீரில் கொப்பளித்தால் போகாது என்பது அந்த அவசரத்தில் மறந்துபோயிருந்தது.

ரெக்ஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "எம் புருசனைக் கடிச்சிட்டியளேக்கா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஜெசிந்தாவும் வர்ணப் பல்லோடு சிரித்தாள். மாடிக்கு ஏறிவந்த செண்பகவல்லி முட்டுவலியை மறந்து, "என்னடி, கடிச்சானா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள், கேட்டதும் இருவரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு மாறியது என்று செண்பகவல்லியால் பிற்பாடு சொல்ல முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரெக்ஸ்லின் தரையில் உட்கார்ந்திருந்தாள், ஜெசிந்தா அவள் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், போட்டு திரும்பி வந்த நாளிலிருந்து வராத அழுகை மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. படுத்திருந்தவர்கள் எழுந்து கதவைத் திறந்தார்கள். குழாயடியில் குடங்கள் நிறைந்து வழிந்தன, யாரும் மூடவில்லை.

அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு அவள், "நாளைக்கு மாமாவை வரச்சொல்லுங்க" என்றாள்.

சிலையில் உடைந்த இடம் ஒன்றுகூட இல்லை. சாமியார் சனிக்கிழமை மந்திரிக்கலாம் என்றார், காலனி ஒத்துக்கொள்ளவில்லை, புதன்கிழமைதான் நடந்தது. குழிக்குள் பெலிக்ஸின் கட்டம்போட்ட சட்டையை வைத்தார்கள். அவன் அம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து பெயர் சொல்லி அழுதாள், சூசையடிமை பக்கத்தில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ரெக்ஸ்லின் தாலியைக் கழற்றிக் குழியிலிருந்த சட்டையின் பையில் வைத்தாள், மண்ணைத் தள்ளினாள். மூடிய இடத்தின் மேல் அவனை நிறுத்தினார்கள், கை கடலைப் பார்த்து நின்றது. அன்றைக்கு இராத்திரி சூசையடிமை வீட்டில் அவனுக்குச் சோறு எடுத்து வைக்கவில்லை.

நகம் நிற்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக் காற்றில் இன்னும் கொஞ்சம் வேகமாகவே வளர்ந்தது. அடுத்த புதன்கிழமை ரெக்ஸ்லின் மூன்றாம் மாடிக்கு வந்து, கதவைத் தட்டி, கையிலிருந்த நகவெட்டியை நீட்டினாள்.

"வாங்க போவோம்."

"நான் எதுக்குட்டி? ஒம் புருசன் கல்லறை, நீ போய் வெட்டிட்டு வா."

ரெக்ஸ்லின் அவள் வலதுகையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரல் நகத்தின் நடுவில் ஓடுகிற கோட்டைத் தன் விரலால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தாள். மொட்டைமாடிக்கு ஓடிவந்து அவிய சாவல என்று சொன்ன அன்றைக்கே அவள் இந்தக் கோட்டைப் பெலிக்ஸின் நகத்தில் பார்த்திருந்தாள், தெரிந்தேதான் காத்திருந்தாள் என்பது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"வளருதது ஒங்க நகமுல்லாக்கா" என்றாள் ரெக்ஸ்லின். "நீங்கதான் வெட்டணும். நான் பேச்சுத்துணைக்கு வாரேன்."